வேடமும் ஆளும்: ஒளிந்து நிற்கும் வாள்வீரன் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு கதாபாத்திரத்தைப் படைப்பது எப்படி என்ற கேள்வி எமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. யதார்த்தம், மண்வாசனை, சமூகப் பொறுப்பு என்ற மூன்று சொற்களைச் சுற்றியே பதில்களும் வருகின்றன. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் இம்மூன்றுக்குள்ளும் அடங்காத ஒரு பாத்திர வகை உண்டு. இருளில் ஒளிந்து நடப்பவன், வாள் எடுத்தால் விடாதவன், மாய வித்தையும் கொஞ்சம் தெரிந்தவன். சிறுவயதில் நாம் எல்லோரும் விரும்பிக் கேட்ட கதைகளின் நாயகன் இவன்தான். எமது நவீன எழுத்தில் இவனைக் காண்பது மிக அரிது. ஏன் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்காக வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்த மூன்று பிரதிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம் என எண்ணுகின்றேன். ஒன்று, அமெரிக்காவில் பிறந்த ஒரு மேசை விளையாட்டின் சட்டப் புத்தகம். மற்றையது, எமது முன்னோர் நன்கறிந்த அமீர் ஹம்ஸா கதை மரபு. மூன்றாவது, பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆடப்படும் கூத்து.

முதலில் விளையாட்டு. 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. 1974இல் மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. இதை விளையாடக் கணினி வேண்டாம், கரம் பலகை போன்ற பலகையும் வேண்டாம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, "நான் மதிலில் ஏறுகிறேன்", "நான் கதவருகே ஒளிந்து கேட்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஆக, இது பலர் சேர்ந்து வாய்வழியாகச் சொல்லும் ஒரு கதை. கிஸ்ஸா கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இது அவ்வளவு அந்நியமானதல்ல.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தமது பாத்திரத்தை ஒரு தாளில் கட்ட வேண்டும். உடல்வலு, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமை என ஆறு குணங்கள். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றுக்குப் பகிர்ந்து கொடுக்க 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்கள் தரப்படுகின்றன. எதற்கு எதைக் கொடுப்பது என்பது ஆடுபவரின் விருப்பம். ஆனால் 8 என்ற எண்ணை எங்காவது வைத்தே ஆக வேண்டும். அதிலிருந்து தப்ப வழியில்லை.

இப்போது நமது ஒளிந்து நடக்கும் மாய வாள்வீரனைக் கட்டிப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டு மூலச் சட்டத்தில் இது ஏறக்குறைய முடியாத காரியம். மாயவித்தைக்காரன் கையில் குறுங்கத்தி மட்டுமே இருக்கலாம், வாள் கூடாது. வாளும் மந்திரமும் எல்ஃப் என்ற கற்பனை இனத்தவருக்கு மட்டும் வாய்த்தன. ஒளிந்து நடக்கும் திருடன் என்ற வகையே அடுத்த ஆண்டு, 1975இல்தான், ஓர் இணைப்பு நூலில் சேர்ந்தது. பல்லாண்டுகளின் பின், 2015இல் வெளியான ஒரு துணை நூலில், 'பிளேட்சிங்கர்' என்ற வகைக்குப் புதிய பதிப்பின் சட்டப்படியான வடிவம் கிடைத்தது. வாள்பாடகன் என்று தமிழில் சொல்லலாம். வாளைச் சுழற்றும் அசைவே அவனுக்கு மந்திரம்.

அவனுக்கு 15ஐ லாவகத்துக்கும் 14ஐ அறிவுக்கும் கொடுக்கின்றோம். எல்ஃப் இனத்துச் சலுகையால் அவை 17 ஆகவும் 15 ஆகவும் உயர்கின்றன. தாங்குதிறனுக்கு 13. உடல்வலுவுக்குக் கடைசியில் எஞ்சும் 8. கள்வனாக இருந்தவன் என்ற பின்னணியைத் தேர்ந்தால் ஒளிந்து நடக்கும் பயிற்சி கிடைக்கின்றது. இரண்டாம் படியில் அவன் வாள்பாடகன் ஆகின்றான். தாளில் பார்க்க அழகாகவே இருக்கின்றது.

இனி அவனுக்கு மறுக்கப்பட்டவற்றைப் பார்ப்போம். கனத்த கவசம் கூடாது. கேடயம் கூடாது. வாளை இரு கைகளாலும் பிடித்து வெட்டக் கூடாது. வாள்பாட்டு ஒரு நிமிடமே நீடிக்கும். இரு முறை பாடிவிட்டால் ஓய்வெடுக்காமல் மறுபடி முடியாது. இரண்டாம் படியில் அவனது உயிர்ப்புள்ளி சராசரியாக 12. அதே தாங்குதிறன் உள்ள சாதாரணப் போர்வீரனுக்கு 18. நேராக நின்று இரண்டு மூன்று வெட்டு வாங்கினால் அவன் கதை முடிந்தது. மூன்றாம் படியில் உருமறையும் மந்திரம் கற்கலாம். அது ஒரு மணி நேரம் வரை நிற்கும், ஆனால் அவன் ஒருவனைத் தாக்கிய கணத்திலேயே கலைந்துவிடும். ஒளிந்திருக்கலாம் அல்லது வெட்டலாம். அந்த மந்திரத்தைக் கொண்டு இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாது.

சட்டப் புத்தகத்தை ஓர் இலக்கியப் பிரதியாக வாசிக்கும் விமர்சகன் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த மனிதனின் சுபாவம் அனைத்தும் மறுப்புகளிலிருந்தே பிறக்கின்றது. அவன் ஏன் எப்போதும் கதவோரம் நிற்கின்றான், ஏன் சண்டைக்கு முன் மூன்று முறை யோசிக்கின்றான், ஏன் வெட்டிவிட்டு ஓடுகின்றான், ஏன் தன்னைவிட வலுத்த தோழனின் நிழலில் நடக்கின்றான்? உயிர்ப்புள்ளி 12 என்ற ஓர் எண்ணே இவை அத்தனையையும் சொல்லிவிடுகின்றது. "அவன் எச்சரிக்கையானவன்" என்று எழுத்தாளர் ஒரு பக்கம் வர்ணிக்கத் தேவையில்லை. எமது சிறுகதைகளில் பாத்திரத்துக்கு உரியவற்றை அடுக்குகின்றோம். அவனால் முடியாததை எழுத மறந்து விடுகின்றோம்.

விளையாட்டின் குறையையும் சொல்ல வேண்டும். அது அளந்தவை எல்லாம் ஆற்றல்கள். கஞ்சத்தனம், பொறாமை, நன்றிகெட்டதனம் போன்றவற்றுக்கு அதன் ஆறு குணங்களில் இடமில்லை. இருந்தாலும் ஓரத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு மறந்துவிடலாம். மேலும், எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்கும் என்ற கணக்கு, கொலையை ஒரு வரவாக்கிவிடுகின்றது. பிறந்த இனத்தைக் கொண்டே ஒருவனின் அறிவைக் கூட்டிக் கொடுக்கும் வழக்கமும் நெடுங்காலம் அதில் இருந்தது. 2020இல் அதற்கு மாற்று வழி தரப்பட்டு, 2024 பதிப்பில் அது கைவிடப்பட்டது. இனத்தின் பெயரால் மனிதனை அளப்பது என்னவென்று அனுபவித்து அறிந்த எமக்கு இது சிறிய விடயமல்ல.

இந்த இடத்தில் அமீர் ஹம்ஸா கதைகளுக்கு வருவோம். வரலாற்றில் வாழ்ந்து உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரழி) அவர்கள் வேறு, தாஸ்தான் என்னும் நெடுங்கதையில் பாரசீகத்துக்கும் கோகாப் மலைக்கும் அலையும் ஹம்ஸா வேறு. இந்த வேறுபாட்டை அந்தக் கதையைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் தெரிந்தே வைத்திருந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தும், கதையை வரலாறாக மயங்காமல் இரசிக்கத் தெரிந்த வாசகர்கள் அவர்கள். இக்கதை பாரசீகத்திலிருந்து எங்கும் பரவியது. அக்பரின் அரண்மனையில் 1562 அளவில் தொடங்கிச் சுமார் பதினைந்து ஆண்டுகள் உழைத்து 1400 ஓவியங்களாக அதைத் தீட்டினார்கள். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதன் ஒரு பகுதியான 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வை முஹம்மத் ஹுஸைன் ஜாஹ், அஹ்மத் ஹுஸைன் கமர் என்ற இருவரின் எழுத்தில் 1883 முதல் 1893 வரை பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. கடல் கடந்து மலாய் மொழியில் ஹிகாயத் ஆனது. ஜாவாவில் பொம்மலாட்டமாக ஆடப்பட்டது.

ஹம்ஸா அக்கதையின் நாயகன். ஆனால் அதன் உயிர் அவருடைய தோழன் அமர் அய்யார். அய்யார் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. இடைக்கால ஈராக்கிலும் ஈரானிலும் நகரத்துக் குழுவினராகத் திரிந்த வீரர்களை அப்படி அழைத்தார்கள். ஒரு கண்ணுக்கு அவர்கள் வழிப்பறிக்காரர், மறு கண்ணுக்கு ஏழைகளின் காவலர். செம்புக் கொல்லராகத் தொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டில் சிஸ்தானில் ஸஃப்பாரிய அரசை நிறுவிய யஃகூப் இப்னு லைஸ் அக்கூட்டத்தில் இருந்து வந்தவரே. கதையில் வரும் அய்யார், வேவு பார்ப்பான், வேடம் மாறுவான், சுருக்குக் கயிறு வீசி மதிலேறுவான், மயக்கப் பொடி தூவுவான், குறுங்கத்தியோடு கூடாரத்துக்குள் நுழைவான். அமர் இவர்கள் அனைவருக்கும் தலைவன். மேலே நாம் எண்களால் கட்டிய ஆளை அப்படியே நினைவூட்டுகின்றான்.

அவனிடம் அற்புதப் பொருட்கள் பல இருக்கின்றன. போர்த்தினால் உருமறையும் கம்பளி, எதைப் போட்டாலும் கொள்ளும் ஸம்பீல் என்ற பை, எதையும் வாரிச் சுருட்டும் வலை. இவை அனைத்தும் பெரியோர்கள் அவனுக்கு அருளியவை. அவனாக சிஹ்ரு செய்வதில்லை. சூனியக்காரர்கள் நிறைந்த மாய நாட்டுக்குள் அவன் சூனியம் தெரியாதவனாகவே போகின்றான். சிஹ்ருக்கும், இறைவன் நபிமார்களுக்கு அளித்த முஃஜிஸாவுக்கும், நல்லடியார்களின் கராமத்துக்கும் இடையே எமது மரபு போட்டிருக்கும் கோட்டை இக்கதையாசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். "மாயவித்தைக்காரன் எப்படி முஸ்லிம்களின் கதைக்கு நாயகனாகலாம்?" என்று இன்று ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். அக்கேள்விக்கு மேடைப் பேச்சால் பதில் சொல்லாமல், பாத்திரத்தின் கட்டுமானத்தாலேயே அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். சிஹ்ரு அவனுக்கு மறுக்கப்பட்டது. ஆகவே அவன் தன் புத்தியைத் தீட்டிக்கொண்டான். மார்க்க வரம்பு என்பது புனைவுக்குப் போட்ட விலங்கு என்று எண்ணுபவர்கள் இவ்விடத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். இங்கு வரம்பே கதையைப் பெற்றெடுத்திருக்கின்றது.

அமெரிக்கச் சட்டப் புத்தகத்தால் செய்ய முடியாததையும் தாஸ்தான் செய்கின்றது. அமர் மகா கஞ்சன். உலகமே அடங்கும் பையை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக் காசுக்குச் சண்டை பிடிப்பான். நண்பனைக் காப்பாற்றப் போகும் வேளையிலும் கூலி பேசுவான். பிறந்த குழந்தையாக இருக்கும்போதே தன்னைத் தூக்கிய பெரியவரின் மோதிரத்தை உருவி வாயில் ஒளித்தவன். அவனது பேராசையை நாம் வெறுப்பதில்லை. அந்தக் குணம் இருப்பதால்தான் அவன் உயிரைப் பணயம் வைக்கும்போது எமக்கு நெஞ்சு பதறுகின்றது. குறையே இல்லாத ஹம்ஸா ஆபத்தில் சிக்கினால் "எப்படியும் வென்றுவிடுவார்" என்று பக்கத்தைப் புரட்டுகின்றோம். அமர் சிக்கினால் நிறுத்தி வாசிக்கின்றோம்.

தாஸ்தானிலும் எல்லாம் சரியென்று சொல்ல வரவில்லை. தோற்றவன் கலிமா சொல்ல வேண்டும் அல்லது மாள வேண்டும் என்ற வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகின்றது. அந்த வாய்ப்பாடு புத்தகத்தின் பலவீனமான பகுதி. அமரின் கஞ்சத்தனம் அதன் பலமான பகுதி. அந்தப் பலத்தை நாம் கைவிட்டுவிட்டோம் என்பதுதான் கவலை.

தமிழில் இம்மரபு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று எமது புலவர்கள் தனி வகைகளையே உண்டாக்கினார்கள். சீதக்காதி நொண்டி நாடகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நாயகன் ஒரு கள்வன். தாசியின் மோகத்தில் பொருள் தேடிக் குதிரை திருடப் போய், பிடிபட்டு உறுப்பை இழக்கின்றான். கீழக்கரை வள்ளலின் ஆதரவு கிடைக்க, மக்கா சென்று இழந்ததை மீளப் பெறுகின்றான். இவை அனைத்தையும் அவனே தன் வாயால் சொல்லிக்கொண்டு நொண்டி நொண்டி ஆட வேண்டும் என்பது அந்நாடக வகையின் இலக்கணம். கள்வனை நாயகனாக்கி, "நான் திருடினேன்" என்று மேடையில் சொல்ல வைக்க ஒரு முஸ்லிம் வள்ளலின் பெயர் தாங்கிய பிரதிக்குத் துணிச்சல் இருந்தது. சீதக்காதியின் புகழ் அதனால் குறைந்துவிடவில்லை. கள்வனின் குரலைப் புலவனின் குரலாக எவரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வேடம் வேறு, ஆள் வேறு என்ற இந்த அறிவு ஊவாவில் இன்றும் கண்முன்னே காணக் கிடைக்கின்றது. பதுளையைச் சுற்றிய தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்ற மூன்று கூத்துகளும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருபவை. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள், மூட்டை முடிச்சோடு தம் மனதில் சுமந்து வந்த செல்வம் இது. மாசி மாதத்தில் காமன் கம்பம் நாட்டப்படும். ரதியாகவும் மதனாகவும் ஆடுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கின்றார்கள். ரதி வேடத்தையும் ஆணே கட்டுவான். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து பாட்டிலேயே வழக்காடும் மரபும் உண்டு.

இது எமது வணக்கமல்ல. அதன் நம்பிக்கை அதற்குரியவர்களுடையது. இலக்கிய மாணவனாக நின்று பார்க்கும்போது அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, வேடம் ஏற்குமுன் விரதம். உண்ணக் கூடாதது, தொடக் கூடாதது, போகக் கூடாத இடம் என்று மறுப்புகளால் ஓர் ஆள் சில நாட்களில் வேடத்துக்குரியவனாகின்றான். அமெரிக்க விளையாட்டின் தாளில் "கூடாது" என்று எழுதப்பட்ட வரிகளின் வேலையும் இதுதான். இரண்டாவது, கூத்து முடிந்த மறுநாள். எமனாக வந்து சபையை நடுங்க வைத்தவன் காலையில் மற்றவர்களோடு பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்பான். எமன் வேடம் கட்டியவன் உயிர் பறிப்பவன் என்று லயத்தில் எவரும் அஞ்சிக் கதவடைப்பதில்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் வேடம் எங்கே முடிகின்றது, ஆள் எங்கே தொடங்குகின்றான் என்பது தெரியும்.

இந்த எளிய அறிவைப் படித்தவர்கள் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் உண்டு. 1980களில் அமெரிக்காவில் மேற்படி விளையாட்டுப் பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகின்றது என்று பெரும் பீதி கிளப்பப்பட்டது. 1984இல் ஒரு கிறிஸ்தவப் பிரசாரச் சித்திரக் கதை, இவ்விளையாட்டை ஆடும் பெண்பிள்ளைகள் உண்மையான சூனியத்துக்குள் இழுக்கப்படுவதாகவே வரைந்து விநியோகித்தது. தாளில் "மந்திரவாதி" என்று எழுதிய பிள்ளையையே மந்திரவாதியாக வாசித்த வாசிப்பு அது.

எம் நாட்டில் அந்த வாசிப்பு சிறைவரை சென்றது. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டுச் சில மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். அதே மாதத்தில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் எமது சமூகம் சந்தித்தவை எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் தேடுதல் நடந்தது. வாள், கத்தி என்ற சொற்கள் நாளாந்தம் செய்தியில் வந்தன. முகத்தை மறைக்கும் ஆடைகள் தடை செய்யப்பட்டன. ஒளிதல், வாள் ஆகிய இரண்டு சொற்களும் ஒரு முஸ்லிமின் பெயருக்கு அருகில் வந்தாலே போதும் என்ற நிலை. 2020 மே மாதத்தில் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2017இல் வெளியான தனது 'நவரசம்' தொகுப்புத் தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் கூறிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசெம்பரில் பிணையும் 2023 டிசெம்பரில் விடுதலையும் கிடைத்தன. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர மூன்றரை ஆண்டுகள் எடுத்தன.

அத்தொகுப்பின் பெயரையே பாருங்கள். ஒன்பது சுவைகள். அவற்றுள் வீரமும் உண்டு, வெகுளியும் உண்டு, அச்சமும் உண்டு. ஒன்பது சுவைக்கும் குரல் கொடுப்பவன் ஒன்பது ஆளாகிவிடுவதில்லை என்பது தமிழ்க் கவிதையின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைத் தெரியாதவர்கள் கவிதையை வாக்குமூலமாக வாசித்தார்கள்.

அரசின் வாசிப்பைக் கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும். ஆனால் விமர்சகனின் வேலை அத்தோடு முடிவதில்லை. அந்த வாசிப்பு எமக்குள் என்ன செய்திருக்கின்றது என்பதையும் பார்க்க வேண்டும். எமது அண்மைக்காலக் கதைகளில் வரும் முஸ்லிம் பாத்திரங்களைக் கவனியுங்கள். கடன் கேட்டால் இல்லையென்னாத கடை முதலாளி, கலவரத்தில் அயல்வீட்டாரைக் காப்பாற்றும் ஹாஜியார், இரத்த தானம் செய்யும் இளைஞன், பொறுமையின் வடிவமான உம்மா. இவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இவர்களை எழுதிய நோக்கமும் நல்லது. எனினும் இவர்களில் பலர் ஒரு விசாரணை அதிகாரியின் முன் நிறுத்தப்பட்ட சாட்சிகளைப் போலவே பேசுகின்றார்கள். எந்தக் கேள்விக்கும் தவறான பதில் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் அவர்கள் குரலில் இருக்கின்றது. ஆறு குணங்களிலும் 15 எழுதப்பட்ட தாள் அது. 8ஐ வைக்க இடமில்லை. எழுதியவருக்கு அந்த 8ஐ யார் எப்படி வாசிப்பார்களோ என்ற அச்சம்.

இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு மூன்றரை ஆண்டு வழக்கு என்ற பெறுமதி உண்டு. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு மற்றவரிடம் துணிச்சலைக் கோருவதும் அறமாகாது. ஆனால் அச்சத்தில் செய்த விட்டுக்கொடுப்பை அழகியல் என்று பெயரிட்டு, "இதுவே பொறுப்பான எழுத்து" என்று பரிசும் கொடுத்து, இளையவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால், வேடத்தையும் ஆளையும் ஒன்றாக்கிய அதே வாசிப்பை நாமே எமது கையால் செய்தவர்களாகின்றோம். குறையுள்ள முஸ்லிம் பாத்திரத்தைச் சமூகத்துக்கு இழுக்கு என்று சொல்லும் எம்மவரும், கவிதையைக் குற்றமாகப் பார்த்த அதிகாரியும் ஒரே பாடசாலையில் வாசிக்கக் கற்றவர்களே.

எழுதுவதற்கு ஆட்கள் இல்லையா என்ன? வேறு மாகாணம் தேடிப்போக வேண்டியதில்லை. 1817இல் ஊவாவில் வெடித்த கிளர்ச்சியின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். துறவறம் நீங்கிய வில்பாவே என்பவர், கண்டி அரச வம்சத்து நாயக்கர் துரைசாமி தானே என்று வேடம் பூண்டு வெளிப்பட்டார். ஒரு மாகாணமே அந்த வேடத்தின் பின்னால் திரண்டது. அதே காலத்தில் வெல்லஸ்ஸைப் பகுதி முஸ்லிம்களைக் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி முகாந்திரம் என்ற முஸ்லிமின் கீழ் வைத்தது பிரித்தானிய ஆட்சி. கிளர்ச்சிக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது ஓரிரு வரிகள். ஒரு பக்கத்துக்கு அவர் துரோகி, மறுபக்கத்துக்கு விசுவாசமான ஊழியர்.

இரண்டும் தாளின் ஓரத்தில் எழுதும் குறிப்புகள் மட்டுமே. பாத்திரத்தை இனிமேல்தான் கட்ட வேண்டும். காட்டுப் பாதைகளை அறிந்த ஒரு மனிதனுக்கு அந்தப் பதவியில் என்ன ஆசை இருந்தது? எதில் அவர் கஞ்சர்? எந்த இடத்தில் அவர் பொய் சொல்லியிருப்பார்? தன்னைத் தேடி வருகிறார்கள் என்று தெரிந்த இரவில் ஒளிய நினைத்தாரா, வாளைத் தேடினாரா? அவரைத் தியாகியாக்கி ஒரு காவியம் பாடலாம். குற்றவாளியாக்கி ஒரு கட்டுரை எழுதலாம். அவரை மனிதராக்கி ஒரு நாவல் எழுதுவதே கடினம். அப்படியொரு நாவல் வந்தால், வில்பாவேயின் வேடத்தையும் அதே பரிவோடு அது கட்ட வேண்டும். எதிரிக்கு 8 மட்டும் எழுதி, தன்னவனுக்கு 15 மட்டும் எழுதுவது கதையாகாது.

இளைய எழுத்தாளர்கள் கதையைத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்துப் பாத்திரத்தால் முடியாதவற்றை முதலில் எழுதிப் பார்க்கலாம். எந்தக் கவசம் அவனுக்கு மறுக்கப்பட்டது? எந்தக் கணத்தில் அவன் மறைவு கலையும்? எந்த ஆசைக்காக அவன் நண்பனிடமே கூலி பேசுவான்? இவற்றுக்குப் பதில் கிடைத்தபின் வாளைக் கையில் கொடுக்கலாம். அதுவரை அவன் வெறும் வாள் தூக்கும் கை. வாசகருக்கும் ஒரு கடமை இருக்கின்றது. கதையை முடித்து மூடியபின், எழுதியவரைப் பிரட்டுக்களத்தில் எல்லோரோடும் நிற்க விட வேண்டும்.